பெயர் ஒன்று, ஆள் வேறு! இண்டர்நெட்டில் சரியானதைத் தேடிப் பிடிப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இண்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. கூகுளில் ஒரு பெயரை அடித்து என்டர் தட்டினால் கேட்டது வந்து நிற்கும் என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். ஆனால் ஒரே பெயரில் பல பொருள்களும் பல ஊர்களும் இருக்கின்றன. உங்கள் மனதில் இருப்பது எது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நீங்கள் தரும் சொற்களை வைத்து அது ஊகிக்கிறது, அவ்வளவுதான். அந்த ஊகத்தைச் சரியான பக்கம் திருப்புவது எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முதலில் ஒரு பொம்மை

தொப்பூரில் இருக்கும் உங்கள் வீட்டில், பையன் பிறந்தநாளுக்கு 'ரான்சாக்' ரோபோ வேண்டும் என்று அடம்பிடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அது டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வகைப் பொம்மை. கார், விமானம் போல இருக்கும். மடக்கித் திருப்பினால் ரோபோவாக மாறும். இந்த வரிசையை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1984-இல் கொண்டுவந்தது.

ரான்சாக் என்று மட்டும் ஆங்கிலத்தில் தேடினால் 'சூறையாடு' என்ற அகராதிப் பொருள்தான் முன்னால் வரும். கூடவே டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று சேர்த்தால் பொம்மைகள் வரும். ஆனால் அதிலும் சிக்கல். 1985-இல் வந்த ரான்சாக் ஒரு வெட்டுக்கிளி. 2005-இல் 'சைபர்ட்ரான்' தொடருக்காக வந்த ரான்சாக் ஒரு மோட்டார் சைக்கிள். 2009-இல் சினிமாவை ஒட்டி வந்த ரான்சாக் பழைய கால இரட்டை இறக்கை விமானம். மூன்றும் வேறு வேறு பாத்திரங்கள்!

ஏன் இப்படி? வியாபாரப் பெயரைப் பயன்படுத்தாமல் விட்டால் அதன் மேல் உள்ள உரிமை கைநழுவலாம். அதனால் பொம்மை நிறுவனங்கள் பழைய பெயரையே புதிய பொம்மைக்கும் சூட்டுவது வழக்கம். பையன் கேட்டது மோட்டார் சைக்கிள், பார்சலில் வந்தது விமானம் என்றால் பணமும் போச்சு, பிறந்தநாளும் போச்சு.

அடுத்து நம் ஊர்

பொம்மை மாறினால் திருப்பி அனுப்பலாம். ஊர் மாறினால்? ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்களில் எழுதப்படும் மூன்று ஊர்களைப் பாருங்கள்.

தொப்பூர் - தருமபுரி மாவட்டம். சேலம் செல்லும் வழியில் உள்ள கணவாய்ச் சாலைக்குப் பெயர் பெற்றது.

தோப்பூர் - மதுரை மாவட்டம். 2019 ஜனவரி 27-இல் அடிக்கல் நாட்டப்பட்ட எய்ம்ஸ் மருத்துவமனைக்கான இடம்.

தோப்பூர் - இலங்கையில் திருகோணமலை மாவட்டம், மூதூர் அருகே.

தொப்பூர் கணவாயில் 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் லாரிகள் மோதி உயிரிழப்பு ஏற்பட்டது. வீட்டார் அந்த வழியில் பயணம் செய்யும் நாளில் "தொப்பூரில் விபத்து" என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி கண்ணில் பட்டால் நெஞ்சு பதறும். அது எந்த ஊர், எந்த வருடம் என்று உடனே பார்க்கத் தெரிய வேண்டும் அல்லவா?

இதோ வழிகள்

1. வகையையும் வருடத்தையும் சேருங்கள். 'ரான்சாக்' போதாது, 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரான்சாக் 2005' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள்.

2. பிரித்துக் காட்டும் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். தேசிய நெடுஞ்சாலை 44 என்று சேர்த்தால் பயனில்லை; அதே சாலை மதுரைத் தோப்பூர் பக்கமும் போகிறது. 'கணவாய்' என்று சேருங்கள், நம் ஊர் வந்துவிடும். மேற்கோள் குறிக்குள் "தொப்பூர் கணவாய்" என்று அடித்தால் இரு சொற்களும் அதே வரிசையில் உள்ள பக்கங்கள் கிடைக்கும்.

3. வேண்டாததைக் கழியுங்கள். இலங்கைத் தோப்பூர் வேண்டுமா? தோப்பூர் -எய்ம்ஸ் -மதுரை என்று அடியுங்கள். மைனஸ் குறிக்கு முன்னால் இடம் விட வேண்டும், பின்னால் விடக்கூடாது.

4. தமிழிலேயே தேடுங்கள். ஆங்கிலத்தில் ஒன்றாகிவிடும் தொ-வும் தோ-வும் தமிழில் தனித்தனி எழுத்துக்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் மொழிகள் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்க்கலாம். பிறகு விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் தமிழுக்கு மாறும். எழுதுபவர்களும் சில நேரம் குறில், நெடிலைத் தவறவிடுவார்கள் என்பதால் மாவட்டப் பெயரையும் பாருங்கள்.

5. படத்தைப் பாருங்கள். தேடல் முடிவுகளின் மேலே உள்ள இமேஜஸ் என்பதைக் கிளிக் செய்தால் வெட்டுக்கிளியா, மோட்டார் சைக்கிளா என்று ஒரு நொடியில் தெரியும். அதைப் பையனிடமே காட்டிக் கேளுங்கள்.

6. விக்கிப்பீடியாவில் ஒரே பெயர் கொண்டவற்றைப் பட்டியலிடும் பக்கங்கள் உண்டு. தமிழில் இதற்குப் 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று பெயர். எத்தனை பேர் அந்தப் பெயரில் இருக்கிறார்கள் என்று அறிய நல்ல இடம்.

7. செய்தி என்றால் முதலில் தேதியைப் பாருங்கள். பழைய விபத்துச் செய்தி புதிது போலச் சுற்றுவது சகஜம்.

பணம் கட்டும் முன்

ஆர்டர் கொடுக்கும்போது பொம்மையின் வருடமும் படமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். முகவரியில் மாவட்டத்தையும் பின்கோடையும் மறக்காதீர்கள். தருமபுரித் தொப்பூரின் பின்கோடு 636 என்றும், மதுரைத் தோப்பூருடையது 625 என்றும் தொடங்கும். இந்த மூன்று எண்கள் தவறினால் பார்சல் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்கும்.

இன்றே பயிற்சி செய்யுங்கள். உங்கள் ஊர்ப் பெயரை முதலில் ஆங்கிலத்திலும், பிறகு தமிழிலும் தேடுங்கள். அதே பெயரில் இன்னும் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்!