மன்னிப்பும் நீதியும்

'மறப்போம், மன்னிப்போம்' என்று சொல்வது எளிது. ஆனால், யார் யாரை மன்னிப்பது?

1983 ஜூலையில் இலங்கையில், தமிழர் என்ற ஒரே காரணத்திற்காக மக்கள் தாக்கப்பட்டனர். வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. கொழும்பு வெலிக்கடைச் சிறையில், அரசின் காவலில் இருந்த 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அந்நாட்டிலிருந்து உயிர் தப்பி வந்த குடும்பங்கள் பல, நம் கொங்கு நாட்டுப் பவானிசாகர் முகாமில் வாழ்கின்றன. 2004-ல் அதிபர் சந்திரிகா குமாரதுங்க அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். ஆயினும், அச்சிறைக் கொலைகளுக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் கற்றது என்ன? மனத்துயர் மட்டும் போதாது. குற்றத்தை அறிக்கையிட வேண்டும். பரிகாரமும் செய்ய வேண்டும். சக்கேயு மனம் மாறியதோடு நின்றுவிடவில்லை. ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார்.

மன்னிப்பது துன்புற்றவரின் உரிமை. துன்பம் அறியாத நாம் அவர்களை அவசரப்படுத்தலாகாது. நீதி வழங்குவதோ அரசின் கடமை. மன்னிப்பு, பழிவாங்கும் எண்ணத்தைத்தான் அகற்றுகிறது, நீதியை அன்று.

ஆகவே தோழியரே, அம்மக்களுக்காகச் செபிக்கும்போது, மன்னிக்கும் மனத்தை மட்டுமன்றி, உண்மை வெளிவரவும் இறைவனிடம் வேண்டுவோம்.