பழமொழி வழியே மலாய் பயிலல்: இடைநிலைப்பள்ளி புகும் மருமகனுக்கு

அன்பு மருமகனுக்கு,

தமிழ்ப்பள்ளியை முடித்து, கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியில் படிவம் 1-இல் சேரும் மாணவன் முதலில் உணர்வது, ஆறாண்டுகள் ஒரு பாடமாக மட்டும் இருந்த மலாய், இப்போது வரலாறும் புவியியலும் பயிலும் மொழியாகவும், திடலிலும் சிற்றுண்டிச்சாலையிலும் நண்பர்கள் பேசும் மொழியாகவும் ஆகிவிட்டதைத்தான். அதில் தேர்ச்சி பெறாதவருக்கு இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது என்பதால், அதைத் தேர்வுச் சுமையாக மட்டுமே பார்ப்பவர் பலர். பழமொழி, உவமைத்தொடர், மரபுத்தொடர் ஆகிய மூன்றையும் சேர்த்து மலாய்க்காரர் பெரிபஹாசா என்பர். அதன் வழியாக மொழிக்குள் நுழைவது இதைவிட நல்ல வழி.

ரப்பர்த் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த முன்னோர் அறிந்திருந்த பசார் மலாய், அதாவது இலக்கண ஒட்டுகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்ட சந்தைப் பேச்சு, விலை பேசவும் வழி கேட்கவும் போதுமானதாக இருந்தது. அண்டையிலுள்ள கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஒரு சாவு நேர்ந்தால் ஆறுதல் சொல்லவோ, இரு வீட்டாரின் பிணக்கைப் பக்குவமாகத் தீர்க்கவோ அது போதவில்லை. அத்தகைய இடங்களில் மலாய்ப் பெரியவர்களின் பேச்சு பழமொழியையே நாடிச் செல்லும்.

தமிழ்ப்பள்ளியின் செய்யுளும் மொழியணியும் பகுதியில் மரபுத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி ஆகியவற்றைப் பயின்ற மருமகனுக்கு இத்துறை புதிதன்று. உடன்பிறந்தாரின் பிணக்கு நிலைக்காது என்பதற்குத் தமிழர் நீரடித்து நீர் விலகாது என்பர். மலாய்க்காரர், வெட்டினாலும் தண்ணீர் துண்டாகாது என்னும் பொருளில், ஆயிர் டிச்சின்சாங் தீடாக் அக்கான் புத்துஸ் என்பர். திருடும் பழக்கமுள்ளவனை இரு மொழியாரும் கை நீளமானவன் என்றே சொல்கின்றனர். மலாயில் அது பாஞ்சாங் தாங்கான். ஆனால் இந்த ஒற்றுமையை நம்பி எல்லாவற்றையும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது தவறு. கெச்சில் ஹாத்தி என்பதைச் சிறிய மனம் என்று பெயர்த்தால் தமிழில் அற்பத்தனம் போல ஒலிக்கும். மலாயில் அது மனம் நொந்துபோவதைக் குறிக்கும்.

கெடாவில் இருப்பவனுக்கு ஒரு பேறு உண்டு. இந்த மாநிலம் ஜெலாப்பாங் பாடி, அதாவது நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றது. 1970-இல் செயல்படத் தொடங்கிய மூடா நீர்ப்பாசனத் திட்டம் அலோர் ஸ்டாரைச் சூழ்ந்த சமவெளியில் ஆண்டுக்கு இருபோகம் விளைய வழி செய்தது. இக்குட் ரெஸ்மி பாடி, மாக்கின் பெரிசி மாக்கின் துண்டுக் என்னும் பழமொழி, மணி முற்ற முற்றத் தலை தாழும் நெல்லின் இயல்பைப் பின்பற்றுமாறு சொல்கிறது. நிறைகுடம் தளும்பாது என்பதும் அடக்கத்தையே போற்றினாலும், அறுவடைக்கு முந்திய வாரங்களில் அந்த வயல்களைப் பார்த்த பிள்ளைக்கு மலாய்ப் பழமொழி மனப்பாடம் செய்ய வேண்டியதாக இராது.

யார் யாரிடம் சொல்லலாம் என்பதையும் அறிதல் வேண்டும். செபெர்த்தி காத்தாக் டி பாவா தெம்புரோங், அதாவது சிரட்டைக்கடியில் இருக்கும் தவளை, நம் கிணற்றுத் தவளையே. அதை மூத்தவர் முகத்துக்கு நேரே இளையவன் சொல்வது பெரும் மரியாதைக்குறைவு. இளையவன் இவற்றைக் கேட்டுப் பழகிய பின்பே கையாளத் தொடங்குவது நன்று.

சந்தையில் கேட்கும் வடமாநில மலாய்ப் பேச்சு பாடநூல் மலாயிலிருந்து வேறுபட்டது. எத்தனை முறை போய் வந்தாலும் அதே இடத்தில் நிற்பதைக் குறிக்கும் பி மாய் பி மாய் தாங் து என்னும் வட்டாரத் தொடர், 1985-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரின் தலைப்பாகி நாடெங்கும் பரவியது. இப்பேச்சைத் தாழ்வாக எண்ணாமல் பழகிக்கொள்வதும், தேர்வுக் கட்டுரையில் அதைத் தவிர்ப்பதும் ஒருங்கே தேவை.

குறிப்பேடு வைப்பதில் ஒரு முன்மாதிரி உண்டு. தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த டேனிய மறைப்பணியாளர் ஜென்சன், 1897-இல் வெளிவந்த தம் நூலில் அவற்றைப் பொருள்வாரியாக வகைப்படுத்தினார். மருமகனும் உறவு, உழைப்பு, பேச்சு எனப் பக்கங்களைப் பிரித்து, மலாய்த் தொடர், அதைச் சொன்னவர், சொன்ன சூழல், ஒத்த தமிழ்த் தொடர் ஆகியவற்றை எழுதி வரலாம். ஒத்த தொடர் கிடைக்காத இடத்தை வெறுமையாகவே விட்டு, விடுமுறைக்கு வரும்போது பாட்டியிடம் கேட்டு நிரப்பலாம்.

அன்புடன்,
மாமன்