கம்பம் பள்ளத்தாக்கின் பாசனமும் ஸ்தல ஸ்தாபனங்களின் திட்டமும்

குமுளி மலைச்சாலையின் அடிவாரத்தில், கூடலூரை அடுத்துள்ள லோயர் கேம்பே கம்பம் பள்ளத்தாக்கின் ஜல வாசலாகும். 1895-ஆம் வருஷத்தில் பெரியாறு அணை திறக்கப்பட்டது முதல், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பிய ஜலம் இங்கே இறங்கி, வைரவனாற்றின் மூலம் சுருளியாற்றைச் சேர்ந்து, பிறகு வைகையை அடைகிறது. 1958-ஆம் வருஷம் முதல் அது மின்சார நிலையத்தின் யந்திரங்களையும் சுழற்றி வருகிறது. இந்த ஜலத்தை நம்பி வாழும் விவசாயிகள் அணையின் நீர்மட்டத்தைத் தினந்தோறும் விசாரித்து அறிகின்றனர். ஆனால் தங்கள் ஊர்ப் பஞ்சாயத்திலும் நகராட்சியிலும் வரும் வருஷத்துக்கு என்ன திட்டம் எழுதப்படுகிறது என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. இவ்விரண்டுக்கும் உள்ள சம்பந்தத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜலத்தின் கணக்கு

லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையுள்ள இருபோக ஆயக்கட்டு 14,707 ஏக்கராகும். இதில் உத்தமபாளையம் தாலுகாவில் 11,807 ஏக்கரும், தேனி தாலுகாவில் 2,412 ஏக்கரும், போடிநாயக்கனூர் தாலுகாவில் 488 ஏக்கரும் அடங்கும். சமீப வருஷங்களில் முதற்போகத்துக்கு ஜூன் முதல் தேதியில் ஜலம் திறக்கப்பட்டபோது, பாசனத்துக்கு விநாடிக்கு 200 கன அடியும் குடிநீருக்கு 100 கன அடியுமாக 120 நாட்களுக்கு உத்தரவாயிற்று.

விநாடிக்கு 200 கன அடி வீதம் 120 நாட்களில் கிடைப்பது சுமார் 207 கோடி கன அடியாகும். இதை 14,707 ஏக்கருக்குப் பகிர்ந்தால், நிலத்தின் மேல் ஏறக்குறைய 39 அங்குல உயரம் நிற்கும். நெற்பயிருக்கு நாற்றங்கால் முதல் அறுவடை வரை, மழையையும் சேர்த்து, 43 முதல் 49 அங்குலம் வரை வேண்டியிருக்கிறது. ஆகவே தென்மேற்குப் பருவ மழை குறைந்த வருஷத்தில், ஒரு துளியும் கசியாவிடினுங்கூட ஜலம் போதாது. கரை சரிந்தும், தூர் மேடிட்டும், ஆகாயத்தாமரை படர்ந்தும் கிடக்கும் வாய்க்காலில் ஏற்படும் நஷ்டம் முழுவதும் கடைமடை நிலத்தின் தலையிலேயே விழுகிறது. தலைமடைக்காரருக்கு அது தெரிவதில்லை. எனவே வாய்க்கால் மராமத்து என்பது ஒரு சிலரின் குறையன்று; ஆயக்கட்டு முழுமைக்கும் உரிய காரியமாகும்.

எந்த வேலை யாருடையது?

மனு எழுதுவோரில் அநேகர் செய்யும் முதல் தவறு, உரிய இடம் அறியாமல் எழுதுவதாகும். ஆறு, அணைக்கட்டு, பிரதான வாய்க்கால், நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள கண்மாய் ஆகியவை நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. அதற்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள கண்மாய்கள் பஞ்சாயத்து யூனியனின் பொறுப்பில் உள்ளன. வயற்கால்களைத் துப்புரவு செய்வது ஆயக்கட்டுதாரரின் பழைய கடமையாகும். குடிமராமத்து எனப்படும் இவ்வழக்கத்தை 1858-ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டமே அங்கீகரித்தது. பாசன விவசாயிகள் தங்களுக்குள் சங்கமாகச் சேர்ந்து பராமரிப்பில் பங்கு கொள்ளுவதற்கு, 2000-ஆம் வருஷத்து விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் வழி செய்துள்ளது.

பஞ்சாயத்தின் அதிகாரம்

1884-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஏற்பட்ட ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் பெரும்பாலும் சாலை, பள்ளிக்கூடம், வைத்தியசாலை ஆகியவற்றையே கவனித்து வந்தன. 1993-ஆம் வருஷத்தில் அமலுக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தமும், அதை அனுசரித்த 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு பஞ்சாயத்துச் சட்டமும் நிலைமையை மாற்றின. பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கத் தக்கவையென அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் 29 விஷயங்கள் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முதலாவது விவசாயம்; இரண்டாவது நில அபிவிருத்தியும் மண் பாதுகாப்பும்; மூன்றாவது சிறு பாசனமும் நீர் நிர்வாகமும். விவசாயியின் காரியமே அட்டவணையின் தலையில் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதிகாரம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. 2021-22 முதல் 2025-26 வரை மத்திய நிதிக் குழுவின் சிபார்சின்படி கிராமங்களுக்கு ஏற்பட்ட மானியத்தில், நூற்றுக்கு 60 பங்கு குடிநீருக்கும் சுகாதாரத்துக்குமே ஒதுக்கப்பட்டது. மீதியுள்ள 40 பங்கில்தான் தெருவும் விளக்கும் வாய்க்காலும் போட்டியிட வேண்டியிருந்தது. அப்போட்டியில், கிராம சபையில் பேசப்படாத வேலைக்கு இடம் கிடைப்பது அரிது.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை, அதாவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகளில் கூடுகிறது. இவற்றுள் மார்ச் 22 உலக நீர் தினமாகும். அக்டோபர் 2 அடுத்த வருஷத் திட்டத்தைத் தயாரிப்பதற்கு ஏற்ற தினமாகும். தேனி ஜில்லாவில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது, தனி அதிகாரிகள் பொறுப்பேற்றனர். ஆயினும் கிராம சபை என்பது வாக்காளர் எல்லோரையும் கொண்டது. பிரதிநிதிகளின் காலத்தோடு அதன் காலம் முடிவதில்லை.

நகராட்சி எல்லையிலுள்ள நிலங்கள்

லோயர் கேம்ப் கூடலூர் நகராட்சியைச் சேர்ந்தது. கூடலூர், கம்பம், சின்னமனூர் ஆகிய நகராட்சிகளில் நன்செய் நிலம் உடையோர் அநேகர். நகராட்சிகளுக்குரிய பன்னிரண்டாவது அட்டவணையின் 18 விஷயங்களில் குடிநீர் உண்டு, விவசாயம் இல்லை. ஆகவே இவ்விவசாயிகள் இரண்டு வழிகளை அறிந்திருத்தல் அவசியம். முதலாவது, 2022-ஆம் வருஷம் முதல் நகரங்களில் கூடிவரும் பகுதி சபை. இரண்டாவது, ஜில்லாத் திட்டக் குழு. அரசியலமைப்பின் விதிப்படி, பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும் எழுதும் திட்டங்களை ஒன்று சேர்க்கும்போது, ஜலத்தைப் பகிர்ந்து கொள்ளுதல் போன்ற பொது விஷயங்களை இக்குழு கவனித்தாக வேண்டும்.

இதன் முக்கியத்துவத்தை மதுரைக் குடிநீர்த் திட்டம் நன்கு காட்டுகிறது. லோயர் கேம்பிலிருந்து குழாய் மூலம் தினந்தோறும் 12½ கோடி லிட்டர் ஜலத்தை மதுரை மாநகராட்சிக்குக் கொண்டு செல்லும் இத்திட்டத்துக்கு 2020-ஆம் வருஷத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. இவ்வளவு விநாடிக்குச் சுமார் 51 கன அடியாகும். ஜலத்தை ஆற்றிலேயே ஓடவிட்டு வைகை அணையிலிருந்து எடுக்க வேண்டுமென்று பள்ளத்தாக்கு விவசாயிகள் ஆட்சேபித்தனர். நகர மக்களின் தாகம் நியாயமானது. விவசாயிகளின் கவலையும் நியாயமானது. இதில் கற்க வேண்டிய பாடம் யாதெனில், ஜனத்தொகை, தினசரித் தேவை, செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டுக் காகிதத்தில் எழுதியே நகரம் தன் தேவையை முன்வைத்தது. கிராமமும் தன் தேவையை அவ்வாறே எழுதி வைத்தாலன்றி, பங்கீடு பேசப்படும் இடத்தில் அதன் குரல் கேளாது.

செய்ய வேண்டியவை

1. இரண்டாம் போக வேலை தொடங்குமுன், ஆயக்கட்டுதாரர் சிலர் கிராம நிர்வாக அதிகாரியுடன் மடை முதல் கடைமடை வரை நடந்து பார்த்துப் பழுதுகளைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். தலைமடைக்காரர் ஒருவரும் கடைமடைக்காரர் ஒருவரும் கட்டாயம் உடன் செல்ல வேண்டும்.

2. குறித்த வேலைகளை நீர்வளத் துறை, பஞ்சாயத்து யூனியன், ஆயக்கட்டுதாரர் என மூன்று ஜாபிதாக்களாகப் பிரிக்க வேண்டும்.

3. தீர்மானத்தைத் தெளிவாக எழுத வேண்டும். “வாய்க்காலைச் சரி செய்க” என்பது தீர்மானமாகாது. உதாரணமாக, “தலைமதகிலிருந்து 600 அடியில் வலக்கரை 40 அடி நீளம் சரிந்துள்ளது, இதனால் கடைமடையில் 35 ஏக்கரில் நடவு பிந்துகிறது” என்று சர்வே எண்ணுடன் எழுதினால், மதிப்பீடு தயாரிக்கும் என்ஜினீயருக்கு வேலை எளிதாகும்.

4. சபைக்குப் போதிய கூட்டம் சேர வேண்டும். ஜனத்தொகை 500 வரையுள்ள ஊரில் 50 பேரும், 3,000 வரையில் 100 பேரும், 10,000 வரையில் 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் தேவை. பெண்களும் குத்தகைக்காரரும் தவறாமல் வரவேண்டும். நாற்று காய்வதை முதலில் காண்பவர் அவர்களே.

5. தீர்மானத்தின் நகலைப் பெற்று, நீர்வளத் துறையைச் சேர்ந்த வேலைகளை அத்துறைக்கு அனுப்பி, அடுத்த சபையில் அதன் கதியை விசாரிக்க வேண்டும்.

அணையின் நீர்மட்டம் நம் கையில் இல்லை. ஆனால் வந்த ஜலம் கடைமடை சேர்வதும், அதற்கான வேலை ஊர்த் திட்டத்தில் ஏறுவதும் பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கின்றன. மிராசுதாரர்களும் கிராம அதிகாரிகளும் வரும் கிராம சபைக்கு முன்பே முதல் ஜாபிதாவைத் தயாரித்து வைப்பார்களாக.