ஐப்பசி மழையிலும் நமத்துப்போகாத கார கிராக்கர்

பினாங்கில் தீபாவளி தனியாக வருவதில்லை, மழையைக் கூட்டிக்கொண்டுதான் வரும். எங்கள் தீவில் மழை கொட்டித் தீர்ப்பது செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. அந்த மாதங்களில்தான் வீட்டுக்கு வீடு திறந்த இல்ல உபசரிப்பு. அந்த மாதங்களில்தான் கார கிராக்கர் செய்த பெண்களிடமிருந்து எனக்குத் தொலைபேசியும் வரும். "அக்கா, அடுப்பிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுன்னு இருந்துச்சு. காலையில பார்த்தா அப்பளத்தைத் தண்ணியில போட்ட மாதிரி இருக்கு." மசாலா சரியில்லை என்று யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் கால் தடுக்குவது ஈரத்தில்தான். ஆகையால் இந்தக் கட்டுரையில் மசாலாவுக்குக் கொஞ்சம் இடமும் ஈரத்துக்கு நிறைய இடமும் தருகிறேன்.

பண்டம் எளிமையானது. கடையில் வாங்கிய கிரீம் கிராக்கரை மசாலா எண்ணெயில் புரட்டி, மிதமான சூட்டில் வாட்டி எடுப்பது. முறுக்குக்கு மாவு பிசைய நேரமில்லாதவர்களுக்கு இது பெரிய உதவி. முறுக்கையும் கச்சாங் பூத்தேயையும் ஈப்போ புந்தோங்கிலிருந்து வருவித்துக்கொள்ளலாம், அவர்கள் கைக்கு நாம் ஈடாக முடியாது. கார கிராக்கரை மட்டும் வீட்டில் செய்யுங்கள்.

கிரீம் கிராக்கரில் கிரீம் கிடையாது. 1885-இல் டப்ளினில் ஜேக்கப்ஸ் நிறுவனம் செய்யத் தொடங்கிய பிஸ்கட் அது. வெள்ளைக்காரனோடு வந்து, நம் வீட்டுக் காப்பியிலும் மைலோவிலும் நனைந்து, நம்முடையதாகவே ஆகிவிட்டது. பாக்கெட்டைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். மேலே சீனி தூவியிருக்கக்கூடாது. முகத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிய வேண்டும், அந்த வழியாகவும் எண்ணெய் உள்ளே இறங்கும். ஹலால் முத்திரையும் இருக்க வேண்டும், விருந்துக்கு வருகிறவர்கள் நம் ஆட்கள் மட்டுமல்லவே. ஒரே வாயில் போடும் சின்ன அளவு கிடைத்தால் அதையே வாங்குங்கள். பெரியது மட்டும் கிடைத்தால் முழுதாகவே செய்யுங்கள், உடைக்காதீர்கள். உடைத்தால் உதிரும் தூள் எண்ணெயை எல்லாம் குடித்துவிட்டு, தட்டின் அடியில் கருகிக் கசக்கும். பாக்கெட்டை அன்றைக்கே பிரியுங்கள். போன வாரம் பிரித்து கிளிப் மாட்டி வைத்தது இதற்கு உதவாது.

400 கிராம் கிராக்கர், பன்னிரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். எண்ணெய் 100 மில்லி. பூண்டு எட்டுப் பல், கறிவேப்பிலை ஐந்து கொத்து. காய்ந்த மிளகாய்த்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி. அதில் பாதி நைசாகவும் பாதி கொரகொரப்பாகவும் இருக்கட்டும், நைசானது நிறத்துக்கு, கொரகொரப்பு நாக்குக்கு. சோம்பு, சீரகம், மிளகு தலா ஒரு தேக்கரண்டி, வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்தது. மஞ்சள்தூள் அரை, பெருங்காயத்தூள் கால். கடைசியில் தூவ மாங்காய்ப் பொடி இரண்டு தேக்கரண்டி, பொடி உப்பு அரைத் தேக்கரண்டி. பிஸ்கட்டிலேயே உப்பு இருக்கிறது, கை தாராளம் வேண்டாம். இதெல்லாம் லெபோ பாசாரிலோ லெபோ குயினிலோ உள்ள மளிகைக் கடைகளில் ஒரே நடையில் கிடைக்கும். பாக்கெட்டில் வரும் கறித்தூளைப் போடாதீர்கள். அதில் மல்லித்தூள் அதிகம். குழம்பில் கொதித்தால்தான் அதன் பச்சை வாசம் போகும், இங்கே கொதிக்க வழியில்லை.

எண்ணெயில் என் விருப்பம் தேங்காயெண்ணெய். கறிவேப்பிலையோடு சேரும்போது அந்த மணத்துக்கு நிகரில்லை. அது உறைவது 24 டிகிரிக்குக் கீழே, ஆகவே நம் ஊர்ச் சூட்டில் உறையாது. குளிரூட்டி ஓடும் அறையில் விருந்தென்றால் கடலை எண்ணெய்க்கு மாறிக்கொள்ளுங்கள். வெண்ணெய் வேண்டவே வேண்டாம். அதில் நூற்றுக்குப் பதினாறு பங்கு அளவுக்குத் தண்ணீர் உண்டு. வெண்ணெய் வாசம் வேண்டுமென்றால் ஒரு கரண்டி நெய் சேருங்கள், உருக்கும்போதே தண்ணீர் போய்விட்ட பண்டம் அது.

ஈரத்தின் கதை இங்கேயே தொடங்கிவிட்டது. இந்தப் பண்டத்துக்குள் தண்ணீர் வர நான்கு வழிகள்: கறிவேப்பிலை, பூண்டு, புளிப்பு, காற்று. முதல் மூன்றையும் சட்டியிலேயே அடைத்துவிடலாம்.

கறிவேப்பிலையை முந்தின நாள் இரவே கழுவி உருவி, துணியில் பரப்பி வைத்துவிடுங்கள். மறுநாள் எண்ணெயை மிதமாகச் சூடாக்கி இலையைப் போட்டதும் சடசடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் முழுக்க இலையிலிருந்து தண்ணீர் வெளியேறுவதுதான். எண்ணெய் மௌனமானால் இலை காய்ந்துவிட்டது என்று அர்த்தம், உடனே அரித்தெடுத்துவிடுங்கள். கடிகாரம் வேண்டாம், காதே போதும். அடுத்து, மெல்லிசாகச் சீவிய பூண்டு. சத்தம் அடங்கி, வைக்கோல் நிறம் வந்தவுடன் எடுங்கள். பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால், வெளியே எடுத்த பிறகும் தன் சூட்டிலேயே முறுகிக் கசந்துவிடும். அரைத்த பூண்டு விழுது, சிலி போ, பச்சை வெங்காயம் எதுவும் இதற்கு ஆகாது. கெரிப்பெக் பெடாஸ் போல இனிப்பும் காரமுமாகப் பூசினால் என்ன என்று கேட்பார்கள். மரவள்ளிச் சீவல் எண்ணெயில் பொரிந்தது, அந்தப் பாகைத் தாங்கும். கிராக்கர் தாங்காது. சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மறுநாள் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும்.

புளிப்புக்கும் அதே கணக்கு. புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு இரண்டும் தண்ணீர். மாங்காய்ப் பொடிதான் சரி. பினாங்கு வாடையே வேண்டுமென்றால், லக்சாவுக்குப் போடும் அசாம் கெப்பிங்கை நான்கு துண்டு எடுத்து, சிறு சூட்டில் ஒடியும்வரை காயவைத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். அந்தப் புளிப்பு கொஞ்சம் கூர்மையானது, ஒரு தேக்கரண்டி போதும்.

இனி அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். பூண்டு பொரிந்த சூட்டிலேயே மிளகாய்த்தூளைக் கொட்டினால் இரண்டு நொடியில் கருத்துப்போகும், வீடே இருமும். ஒரு சிட்டிகையைப் போட்டுப் பாருங்கள். சின்னச் சின்னக் குமிழ் வந்து, நிறம் சிவப்பாகவே நின்றால் சூடு சரி. உடனே கருத்தால் இன்னும் மூன்று நிமிடம் பொறுங்கள். பெருங்காயம், மஞ்சள், மிளகாய், வறுத்த பொடி என்ற வரிசையில் சேர்த்துக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். மிளகாயின் நிறமும் உறைப்பும் எண்ணெயில்தான் கரையும். அந்தப் பத்து நிமிடத்தில் எண்ணெய் செக்கச்செவேலென்று ஆவதைக் கண்ணால் பார்க்கலாம். உப்பு எண்ணெயில் கரையாது. இப்போது போட்டால் அடியில் தங்கி, கடைசியில் எடுக்கும் நாலு பிஸ்கட் கரிக்கும். அதைப் பிறகு தூவுவோம்.

இந்தப் பத்து நிமிடத்தில் 'அவன்' அடுப்பை 120 டிகிரியில் சூடாக்கி, கிராக்கரை வெறுமனே ஐந்து நிமிடம் உள்ளே வையுங்கள். பாக்கெட் பிரித்ததிலிருந்து ஏறிய ஈரம் போய்விடும். வெதுவெதுப்பான பிஸ்கட் எண்ணெயை நன்றாகவும் இழுக்கும். பிறகு மூடியுள்ள அகலப் பாத்திரத்தில் போட்டு, எண்ணெயை மூன்று தடவையாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் மூடிப் பாத்திரத்தையே மெல்லச் சாய்த்துப் புரட்டுங்கள். கரண்டி உள்ளே போகக்கூடாது, உடையும். இருபது நிமிடம் ஊறட்டும், இடையிடையே புரட்டிவிடுங்கள். அடியில் எண்ணெய் தேங்கி நின்றால் பயப்பட வேண்டாம், நேரம் கொடுத்தால் ஏறிவிடும்.

தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, 120 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். பாதியில் ஒரு தடவை திருப்புங்கள். மேசை மேல் வைக்கும் சின்ன அவன் என்றால் தட்டைக் கீழ்த்தட்டிலேயே வையுங்கள், மேல்கம்பியின் சூடு மசாலாவைச் சுட்டுவிடும். ஏர் ஃபிரையரில் செய்யலாமா என்று ஆண்டுதோறும் கேட்கிறார்கள். செய்யாதீர்கள். அதன் காற்று மிளகாய்ச் செதிலை எல்லாம் கிளப்பிச் சூட்டுக்கம்பியில் ஒட்டவைத்துக் கருக்கும்.

வெளியே எடுத்தவுடன், சூட்டோடு சூடாக உப்பையும் மாங்காய்ப் பொடியையும் தூவுங்கள். எண்ணெய்ப் பசையில் பிடித்துக்கொள்ளும். பொரித்த கறிவேப்பிலையை நொறுக்கி, பூண்டோடு மேலே போடுங்கள்.

அடுத்ததுதான் எல்லோரும் சறுக்கும் இடம். நாலாவது வழி, காற்று. தட்டைக் கொண்டுபோய்ச் சமையலறை மேசையில் வைத்து, மேலே காற்றாடியைச் சுழலவிடுவார்கள். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும், பக்கத்து அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருக்கும். அந்த ஈரக் காற்றைக் காற்றாடி பிஸ்கட் மேல் இறைத்துக்கொண்டே இருக்கும். இன்னொரு கூட்டம் இதற்குப் பயந்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே டப்பாவில் அடைத்து மூடிவிடும். உள்ளே இருந்த ஆவி மூடியில் வியர்த்து, திரும்பப் பிஸ்கட் மேலேயே சொட்டும். இரண்டிலும் பிஸ்கட் நமத்துப்போவது நிச்சயம்.

வழி இதுதான். உப்புத் தூவியதும் தட்டை மறுபடி அவனுக்குள்ளேயே வையுங்கள். அவனை அணைத்துவிட்டு, கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி விரலளவு திறந்து விடுங்கள். முக்கால் மணி நேரம் தொடாதீர்கள். அவனின் மிச்சச் சூடு உள்ளிருக்கும் காற்றை உலர்வாக வைத்திருக்கும், பிஸ்கட்டும் அதோடு சேர்ந்து மெல்ல ஆறும். வெயில் காயும் பிற்பகலில் செய்தாலும் நான் இப்படித்தான் செய்வேன். ஆறிவிட்டதா என்று கையால் பார்க்காதீர்கள், சமைத்த கைக்குச் சூடு தெரியாது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், துளி வெதுவெதுப்பும் இருக்கக்கூடாது. பிறகு தட்டின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்து ஒடியுங்கள், ஓரத்திலிருப்பது எப்போதும் நன்றாகவே இருக்கும். டக்கென்று ஒடிந்தால் முடிந்தது. சற்று வளைந்து ஒடிந்தால் மறுபடி 120 டிகிரியில் ஐந்து நிமிடம், மறுபடி அதே ஆறல்.

அடைத்து வைக்க, பலகார விற்பனையில் பார்ப்போமே, சிவப்பு மூடி பாலாங், அதுவே போதும். மூடியை மட்டும் நம்பாதீர்கள். சீனப் புத்தாண்டுப் பலகாரக்காரர்கள் மூடியைச் சுற்றி ஒட்டுநாடா சுற்றுகிறார்களே, அழகுக்கா சுற்றுகிறார்கள்? நீங்களும் சுற்றுங்கள். அடியில், வெறும் சட்டியில் வறுத்து ஆறிய ஒரு பிடி அரிசியைச் சின்னத் துணியில் முடிந்து போட்டால் மிச்ச ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். பெரிய பாலாங் ஒன்றுக்குப் பதில் சின்னது நாலு. பெரியதைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் மொத்தமும் ஈரம் குடிக்கும். சின்னது என்றால் விருந்தாளி வரும்போது ஒன்று பிரியும், மற்ற மூன்றும் பத்திரம். இப்படி வைத்தால் இரண்டு வாரம் தாங்கும்.

விருந்தன்று மேசையில் ரோஸ் சிரப் ஜாடிக்கும் கோழிக்கறிச் சட்டிக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். வாசலருகே, தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நிரப்புங்கள். குழந்தைகளுக்கு மிளகாய் இல்லாமல் மிளகும் கறிவேப்பிலையும் மட்டும் போட்டு ஒரு பாலாங் தனியாகச் செய்துவிட்டால், தாய்மார்கள் நிம்மதியாக உட்கார்ந்து பேசுவார்கள்.

பாலாங்கின் அடியில் மிஞ்சும் சிவந்த தூளைக் கொட்டிவிடாதீர்கள். மறுநாள் தயிர்சாதத்தின் மேல் ஒரு கரண்டி தூவிச் சாப்பிடுங்கள்.