சுய முன்னேற்றச் சேனல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சுய முன்னேற்றம் வீடியோவுக்கு மிகவும் மூத்த துறை. சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859-இல் வெளியிட்ட ‘செல்ஃப் ஹெல்ப்’ நூலுக்குப் பிறகு ஆங்கிலத்தில் அது தனி நூல்வகையாக நிலைபெற்றது. தமிழில் அப்துற் றஹீமும், பின்னர் எம்.எஸ். உதயமூர்த்தியும் அதற்குப் பெரிய வாசகர் கூட்டத்தைச் சேர்த்தார்கள். 2005-இல் யூடியூப் வந்தபின், சொல்ல விஷயம் உள்ளவருக்குப் பதிப்பாளர் கிடைக்க வேண்டும் என்ற தடை விலகியது. கைப்பேசி வைத்திருக்கும் எவரும் இன்று இத்துறையில் இறங்கலாம்.

இறங்குகிறவர்களிடம் இரண்டு வகைத் தவறான நம்பிக்கைகள் காணப்படுகின்றன. யூடியூப் இயங்கும் விதம் பற்றியவை ஒரு வகை. சுய முன்னேற்றம் என்ற பெயரில் ஒருவர் சொல்லி மற்றவர் திருப்பிச் சொல்லும் செய்திகள் மறு வகை. முதலாவது சேனல் நடத்துகிறவரின் நேரத்தைத்தான் வீணாக்கும். இரண்டாவது பார்க்கிறவரின் வாழ்க்கையைத் தொடும். ஆனாலும் அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

“எல்லாரும் சொல்லி முடித்துவிட்டார்கள், இனி இடமில்லை”

இந்த எண்ணத்தில் பாதி உண்மை இருக்கிறது. அதிகாலையில் எழுவது, இலக்கை எழுதி வைப்பது, கைப்பேசியைத் தள்ளி வைப்பது எல்லாம் எண்ணற்ற வீடியோக்களில் வந்துவிட்டன. அதே பட்டியலை இன்னொரு குரல் படித்தால் யார் மனத்திலும் நிற்காது. ஆனால் அந்த அறிவுரைகள் யாருடைய வாழ்க்கையை வைத்துச் சொல்லப்பட்டவை என்று பார்த்தால், நிரப்பப்படாத இடம் நிறையத் தெரியும்.

காலை ஐந்து மணிக்கு எழச் சொல்வதை எடுத்துக்கொள்ளலாம். ராபின் சர்மாவின் ‘தி 5 ஏ.எம். கிளப்’ 2018-இல் வெளிவந்து அந்தப் பேச்சை மேலும் பரப்பியது. தனி அறையும் ஒன்பது மணி அலுவலகமும் சமைத்துத் தர ஓர் ஆளும் உள்ளவருக்கு அது பொருந்தலாம். குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்து நாலரைக்கே எழுந்து, பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிற பெண்ணுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. திருப்பூரில் நைட் ஷிப்ட் முடித்து விடிகிற நேரத்தில் அறைக்குத் திரும்பும் தொழிலாளிக்கு அது கெடுதலே செய்யும். பகல் வெளிச்சத்திலும் தெருச் சத்தத்திலும் ஏழு மணி நேரம் தூங்க என்ன செய்யலாம் என்பதுதான் அவருக்குத் தேவை. அதைப் பொறுமையாக, அவர் சூழலுக்குள் நின்று சொல்லும் சேனலுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

தனித்து நின்ற சேனல்கள் பலவும் குறுகிய, சொந்த அனுபவம் உள்ள இடத்தில் தொடங்கியவையே. அலி அப்தால் 2017-இல் கேம்பிரிட்ஜில் மருத்துவ மாணவராக இருந்தபோது, மருத்துவப் படிப்பு நுழைவுத் தேர்வுக்கு வழிகாட்டும் வீடியோக்களோடு தொடங்கினார். படிக்கும் முறைகள் அடுத்து வந்தன, வேலைத்திறன் அதற்கும் பிறகு வந்தது. மேட் டவெல்லா ஆவணப்பட இயக்குநர். ஒரு பழக்கத்தை 30 நாள் தானே செய்து பார்த்து, நடந்ததைப் படமாக்குவது அவர் வழி. ஆஸ்திரேலிய ஓவியர் கேம்பல் வாக்கர் அரிவாள் மூக்கன் என்ற ஒரே பறவையை நாள்தோறும் வரைந்து தன் தொழிலை மீட்டுக்கொண்டவர். அவருடைய ஸ்ட்ரத்லெஸ் சேனலின் பேச்சு அந்த அனுபவத்திலிருந்து கிளைத்தது. மூவருக்கும் பொதுவானது ஒன்றுதான்: சொன்னதைச் செய்து பார்த்திருந்தார்கள்.

சேனல் தொடங்க நினைக்கிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது பெயரும் லோகோவும் அல்ல. எந்த மனிதருக்காகப் பேசப்போகிறோம், அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது, அதில் எந்த ஒன்றைத் தன்னால் செய்துகாட்ட முடியும் என்பதைத் தாளில் எழுதிப் பார்ப்பது பல மாத உழைப்பை மிச்சப்படுத்தும்.

“21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும்”

இத்துறையில் மிகுதியாகத் திருப்பிச் சொல்லப்படும் வாக்கியங்களில் இது ஒன்று. அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல் எழுதிய ‘சைக்கோ சைபர்னெடிக்ஸ்’ நூலில் இதன் வேர் இருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்து எழுதினார். நாளடைவில் ‘குறைந்தது’ உதிர்ந்தது, முகமும் உதிர்ந்தது, எல்லாப் பழக்கத்துக்கும் பொதுவான கணக்காக 21 மட்டும் மிஞ்சியது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் இதை உண்மையிலேயே அளந்து பார்த்து 2009-இல் வெளியிட்டனர். 96 பேர் தாங்கள் தேர்ந்த ஒரு சிறு செயலை 84 நாள் செய்துவந்தார்கள். செயல் தானாக வரும் நிலையை எட்ட ஆகும் காலத்தின் இடைநிலை 66 நாள். சிலருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. ஒரு நாள் தவறிப்போனால் பெரிய பின்னடைவு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. பார்ப்பவருக்கு ஆறுதல் தரும் செய்தி இதுதான். 22-ஆம் நாளும் உடற்பயிற்சி பாரமாகவே இருக்கிறதே என்று தன்னை நொந்துகொள்பவரிடம், அது இயல்பே என்று சொல்ல ஒரு சேனல் வேண்டும்.

இதே போல் ஊர் சுற்றும் கதைகள் இன்னும் பல. யேல் பல்கலைக்கழகத்தில் 1953-இல் படித்து முடித்தவர்களில் இலக்கை எழுதி வைத்த 3 சதவீதத்தினர் பிற்காலத்தில் மற்ற எல்லாரையும்விடப் பணம் சேர்த்தார்கள் என்பது அவற்றில் பிரபலமானது. அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்குச் சான்றே இல்லை. 10,000 மணி நேரம் பயின்றால் எவரும் மேதையாகலாம் என்பது மால்கம் கிளாட்வெல்லின் 2008 நூல் வழியே பரவியது. அதற்கு மூலமான 1993 ஆய்வை நடத்திய ஆன்டர்ஸ் எரிக்சன் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. பெர்லினில் சிறந்த வயலின் மாணவர்கள் 20 வயதுக்குள் செய்திருந்த பயிற்சியின் சராசரியே அந்த எண். பலர் அதைத் தொடாமலே சிறந்தவர்களாக இருந்தார்கள். ஆசிரியர் வழிகாட்ட, குறையைக் குறிவைத்துச் செய்த பயிற்சி அது என்பதும் மேற்கோள்களில் விடுபட்டுப்போனது.

மார்ஷ்மெல்லோ சோதனை சற்று வேறு வகை, ஏனெனில் அது உண்மையில் நடந்தது. ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் குழந்தைகளின் முன் இனிப்பை வைத்து, பொறுத்திருந்தால் இன்னொன்று தருவதாகச் சொன்னார். பொறுத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் சிறந்து விளங்கினார்கள் என்று வீடியோக்கள் இன்றும் சொல்கின்றன. 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு 2018-இல் வெளிவந்த ஆய்வில் அந்தத் தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்தபோது அதில் மிஞ்சியது சொற்பம். வீட்டில் நாளைக்கும் தின்பண்டம் இருக்கும் என்று நம்பக்கூடிய குழந்தைக்குக் காத்திருப்பது எளிது. வறுமையை மன உறுதிக் குறைவாகச் சித்திரிக்கும் வீடியோ ஏழை வீட்டுப் பிள்ளையைக் காயப்படுத்துகிறது. இந்தக் கதையைச் சொல்லும் முன் யாரும் ஒருமுறை நின்று யோசிப்பது நல்லது.

இதனால் சொல்வதற்கே ஒன்றுமில்லாமல் போய்விடாது. பலமுறை சோதித்து நிலைத்த முறைகள் இருக்கின்றன. படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கிறது. ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டித் தீர்மானிப்பது செயலை எட்ட உதவுகிறது. பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது அதற்குக் கணிசமான பலன் தெரிந்தது. “தினமும் நடப்பேன்” என்பதைவிட “இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் பத்து நிமிடம் நடப்பேன்” என்பது வலுவானது. குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர் இந்த இரண்டை மட்டும் வைத்து மூன்று மாத அட்டவணை போட முடியும். அதை அவரோடு சேர்ந்து வாரந்தோறும் நடத்திக் காட்டும் தொடர், பொதுவான ஊக்கப் பேச்சைவிடப் பல மடங்கு உதவும்.

“நல்ல கேமரா இருந்தால்தான் ஆரம்பிக்க முடியும்”

நடுத்தர விலைக் கைப்பேசியின் கேமராவே தொடக்கத்துக்குப் போதும். படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்ளும் மக்கள், குரல் தெளிவில்லை என்றால் நகர்ந்துவிடுகிறார்கள். எனவே முதல் செலவு சட்டையில் குத்தும் காலர் மைக்குக்கு. மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, மெத்தையும் துணிமணியும் உள்ள அறையில் பேசினால் எதிரொலி பெருமளவு அடங்கும்.

“தினமும் போடாவிட்டால் அல்காரிதம் கைவிட்டுவிடும்”

தினம் ஒன்று போட வேண்டும் என்ற விதி எதையும் யூடியூப் வைக்கவில்லை. 2012-இல் அது வெறும் வியூஸ் எண்ணிக்கையை விட்டு, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முன்னுரிமை தரத் தொடங்கியது. பிறகு பார்த்தவருக்குத் திருப்தி உண்டா என்று கேட்டறியும் வழிகளும் சேர்ந்தன. யாருக்கு எது பிடிக்கும் என்று தேடுவதே பரிந்துரையின் வேலை. சரிபார்க்க நேரமில்லாமல் நாள்தோறும் பேசுகிறவர்தான் 21 நாள் கதையைத் திருப்பிச் சொல்ல நேர்கிறது. சுய முன்னேற்றத் துறையில் வாரம் ஒன்று, அல்லது இரு வாரத்துக்கு ஒன்று, தாராளமாகப் போதும்.

டேக் நிரப்புவதில் செலவழியும் நேரமும் அப்படித்தான். தேடலில் டேக்குகளின் பங்கு மிகச் சிறிது என்று யூடியூப் தன் உதவிக் குறிப்பிலேயே சொல்கிறது. தலைப்பும் தம்ப்நெயிலும்தான் முக்கியம். ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில் வரை வைத்து ஒப்பிடும் வசதி 2024-இல் பரவலாக வந்தது. அது கிளிக்கை எண்ணாமல், எந்தத் தம்ப்நெயில் வழியே வந்தவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்தே வெற்றியைத் தீர்மானிக்கிறது. வாய் பிளந்த முகமும் சிவப்பு அம்புக்குறியும் உள்ளே அழைத்து வரலாம். உள்ளே சரக்கில்லை என்றால் இந்தக் கணக்கில் அவை தோற்கும்.

“ஆயிரம் சப்ஸ்கிரைபர் வந்தால் பணம் கொட்டும்”

விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர் ஒரு நிபந்தனை மட்டுமே. அதோடு கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் 90 நாளில் ஷார்ட்ஸ் 1 கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்க்கிறார் என்றால் 60,000 வியூஸ் தேவை. ஷார்ட்ஸ் வரிசையில் ஓடும் நேரம் இந்த 4,000 மணியில் சேராது என்பது பலருக்குப் பிந்தித்தான் தெரிகிறது.

நீள வீடியோவில் வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் சேனலுக்குரியது. விளம்பரக் கட்டணம் பார்ப்பவரின் நாட்டைப் பொறுத்து மாறும். இந்தியப் பார்வைகளுக்குக் கிடைப்பது அமெரிக்கப் பார்வைகளுக்குக் கிடைப்பதைவிட மிகக் குறைவு. சேர்ந்த தொகை 100 டாலரைத் தொட்ட பிறகே வங்கிக்கு வரும். ஆகவே முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு வேலையை விடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். இது ஊக்கத்தைக் குலைக்கும் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் கடன் நெருக்கடியில் இருப்பவர் நிதானமாகச் சரிபார்த்துப் பேசுவது கடினம்; விற்கக் கூடாததை விற்கவும் அவருக்கு ஆசை வரும். ஸ்பான்சர் பணம் வாங்கிச் செய்யும் வீடியோவில் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-இல் நெறிமுறை வகுத்திருக்கிறது.

“பத்து வினாடிக்குள் என்றால் சினிமா காட்சி போடலாம்”

தன்னம்பிக்கை வீடியோக்களில் படக் காட்சியும் பின்னணி இசையும் ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. இத்தனை வினாடி வரை இலவசம் என்ற சலுகை இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லை. யூடியூபின் கன்டென்ட் ஐடி சிறு துணுக்கையும் அடையாளம் காணும். வருமானம் உரிமையாளருக்குப் போகலாம். 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே நீக்கப்படலாம். இயந்திரக் குரலில், ஆயத்தமாகக் கிடைக்கும் காட்சிகளைக் கோத்து மொத்தமாகத் தயாரிக்கும் வீடியோக்களுக்கும் வருமானம் மறுக்கப்படலாம். 2025 ஜூலையில் அந்த விதியை யூடியூப் மேலும் தெளிவுபடுத்தியது. முகம் காட்டாமல் நடத்துவதில் தவறில்லை. சிந்தனையும் தேடலும் ஒரு மனிதருடையவையாக இருக்க வேண்டும்.

“மனத்தைத் திடப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்”

மற்றவற்றைவிட ஆபத்தான நம்பிக்கை இது. சுய முன்னேற்ற வீடியோவைத் தேடி நள்ளிரவில் வருபவர்களில் சோம்பலால் வருந்துபவர்களோடு, மனச்சோர்வு நோயால் எழுந்து நடக்கவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை. அவரிடம் “நீ முயலவில்லை” என்று உரத்துச் சொல்லும் வீடியோ, ஏற்கெனவே உள்ள குற்ற உணர்வைக் கூட்டும். மருந்தை நிறுத்தச் சொல்வதும், நோயை மனோபலத்தால் வெல்லலாம் என்பதும் எந்தச் சேனலுக்கும் உரிய வேலை அல்ல.

மனம் சார்ந்த வீடியோ ஒவ்வொன்றிலும் எல்லை எது என்பதை வாயாலேயே சொல்லி, உதவி எண்ணைத் திரையிலும் விளக்கக் குறிப்பிலும் கொடுப்பது நல்ல நடைமுறை. இந்தியாவில் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைக் கருத்துப் பகுதியில் யாராவது எழுதினால், வாதத்தில் இறங்காமல், கனிவாகப் பதில் சொல்லி இந்த எண்ணைத் தர வேண்டும். கருத்துகளை அன்றாடம் படிக்க நேரம் ஒதுக்குவது, ஸ்கிரிப்ட் எழுதுவதைப் போலவே சேனல் வேலையின் ஒரு பகுதி.