தாய்மாரின் உடற்கடி

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஓமோன் குறைவதால் தோல் மெலிந்து, வரண்டு, கடிக்கும். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. முதுமையில் மிகும் வாதத்தின் வரட்சிக்கு எண்ணெய் பூசுவதே ஆயுர்வேத முறை. பூநகரியின் உவர்நீரும் சோளகக் காற்றும் வரட்சியைக் கூட்டும்.

செய்ய வேண்டியவை:

1. சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பயற்றம் மா தேய்த்துக் குளியுங்கள். கடைசி வாளியாவது நன்னீராக இருக்கட்டும்.

2. ஈரம் முற்றாக உலருமுன் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ மெல்லப் பூசுங்கள்.

3. வீட்டில் பலருக்கும் இரவில் கடித்தால் அது சிரங்காக இருக்கலாம், குடும்பமாக மருந்தெடுங்கள்.

4. கண் மஞ்சளித்தால், தாகமும் சலமும் மிகுந்தால், நின்ற இரத்தப்போக்கு மீண்டும் கண்டால், உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பிள்ளைகளே, இடம்பெயர்ந்த கொட்டிலிலும் அம்மா குளிக்க ஒரு மறைப்பும் ஒரு வாளி நன்னீரும் ஒதுக்குங்கள். முதல் வைத்தியம் அதுவே.