தாட்சண்யமும் உறுதியும்

திருமணப் பந்தியில் ஓர் அன்பர் அமர்ந்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய். "இனிப்பு வேண்டாம்" என்று கைகூப்புகிறார். "ஒரு நாளில் என்ன ஆகிவிடும்? எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் வேண்டாம் என்பதா?" என்று கூறி இலையில் வைத்துவிடுகின்றனர். தாட்சண்யத்தால் உண்கிறார். பின்னர் வைத்தவர்மீதும் தம்மீதும் கோபம் கொள்கிறார்.

அன்பின் பெயரால் வரும் வற்புறுத்தலுக்கு இணங்கினால் உடலுக்கோ மனசாட்சிக்கோ கேடு. சீறினால் உறவுக்குக் கேடு. வேறு வழி உண்டா? காந்திஜியின் இளமை வாழ்வில் இதற்கு விடை கிடைக்கிறது.

1888-இல் சட்டம் பயில லண்டன் புறப்படுமுன், தாயாரின் மனம் அமைதியுறும் பொருட்டு, மதுவையும் மாதரையும் புலாலையும் தீண்டுவதில்லை என்று அவர் சபதம் ஏற்றார். லண்டனில் ஒரு நண்பர், புலால் உண்ணுமாறு ஓயாமல் வற்புறுத்தினார். எழுத்தறியாத தாயிடம் செய்த சபதத்திற்கு என்ன மதிப்பு என்று கேட்டார். பெந்தாமின் நூலைப் படித்துக் காட்டி வாதாடினார். காந்திஜியோ, வாதத்தில் வெல்லத் தம்மால் இயலாது என்று ஒப்புக்கொண்டார். ஆயினும் சபதத்தை மீற இயலாது என்றார். அதற்குமேல் எதுவும் பேசவில்லை.

பின்னொரு நாள் நாடகம் காண அழைத்த அந்நண்பர், முன்னதாக ஹோல்பர்ன் என்ற பெரிய உணவகத்திற்கு அவரை அழைத்துச் சென்றார். அத்தகைய இடத்தில் கூச்சத்தால் எதுவும் கேட்கமாட்டார் என்பது நண்பரின் கணக்கு. சூப் வந்ததும், அதில் புலால் உண்டா என்று விசாரிப்பதற்காகக் காந்திஜி பரிமாறுபவரை அழைத்தார். நண்பர் வெகுண்டு, வெளியே போய்க் காத்திருக்கச் சொன்னார். காந்திஜி அமைதியாக எழுந்து சென்றார். அருகிலிருந்த சைவ உணவகம் மூடியிருந்தது, அன்றிரவு பட்டினி. எனினும் நண்பருடன் நாடகத்திற்குச் சென்றார். நடந்ததைப் பற்றி இருவரும் பேசவில்லை; நட்பும் குலையவில்லை.

இதில் சாதகன் கற்க வேண்டியவை மூன்று.

முதலாவது, எதை ஏற்பது, எதை விலக்குவது என்பதை முன்பே விவேகத்தால் தெளிந்திருக்க வேண்டும். பந்தியில் அமர்ந்த பின் முடிவெடுப்பது கடினம்.

இரண்டாவது, காரணங்களை அடுக்கலாகாது. நாம் கூறும் ஒவ்வொரு காரணமும் எதிராளியின் வாதத்திற்கு ஒரு பிடி. ஒருமுறை காரணம் கூறினால் போதும். அதன்பின் அதே சொல்லை, அதே கனிவுடன் திரும்பக் கூற வேண்டும்.

மூன்றாவது, மறுப்பின் விலையை முறுமுறுக்காமல் ஏற்க வேண்டும். காந்திஜி பசியை ஏற்றார்; பகையை ஏற்கவில்லை.

கலக்கம் விளைவிக்காததும், உண்மையானதும், இனியதும், நன்மை பயப்பதுமான சொல்லை வாக்கின் தவம் என்று கீதை பதினேழாம் அத்தியாயம் கூறுகிறது. நாமோ இனிமையை மட்டும் பற்றிக்கொண்டு உண்மையைக் கைவிடுகிறோம். மனத்தில் மறுப்பை வைத்துக்கொண்டு "அப்புறம் பார்க்கலாம்" என்பது பணிவு அன்று. பிறருக்கு வீண் நம்பிக்கை ஊட்டும் பொய்.

இறுதியாக, நம்மையும் சோதித்துக்கொள்வோம். சத்சங்கத்திற்கோ யாத்திரைக்கோ வருமாறு, பிறர் மறுத்த பின்னும் வற்புறுத்துகிறோமா? நல்ல நோக்கம் இருப்பதாலேயே அவ்வுரிமை நமக்கு வந்துவிடாது. மற்றவரின் "வேண்டாம்" என்ற சொல்லை முதல் முறையிலேயே ஏற்கப் பழகியவனுக்கே, தன் "வேண்டாம்" என்ற சொல்லைச் சினமின்றிக் கூறும் வலிமை கைகூடும்.